தனியாக நிரப்ப முடியாத ஆல்பம்: கால்பந்து ஸ்டிக்கர்களும் ரசிக வாழ்வும்

கால்பந்து ஆட்டம் ஒன்று 90 நிமிடங்களில் முடிந்துவிடுகிறது. ஒரு கழகத்தை உயிராகப் பின்தொடரும் ரசிகருக்குக்கூட வாரத்தில் ஓர் ஆட்டமோ இரண்டோதான் வாய்க்கும். எஞ்சிய நாட்களில் அவர் ரசிகராக இருப்பதை விட்டுவிடுவதில்லை. அணிப் பட்டியல்களை மனப்பாடம் செய்வதும், பத்தாண்டுகளுக்கு முன் தவறிய ஒரு பெனால்டியைப் பற்றி இன்றும் வாதாடுவதும், ஆட்ட நாளில் மைதான வாசலில் விற்கும் நிகழ்ச்சிக் கையேடுகளைச் சேர்த்து வைப்பதும், ரசிகர்களே எழுதி அச்சிடும் சிற்றிதழ்களைப் படிப்பதும் அந்த நாட்களை நிரப்புகின்றன. விளையாட்டைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் ஆடுகளத்தையும் பார்வையாளர் மேடையையும் மட்டுமே கவனிப்பதால், ரசிக வாழ்வின் இந்தப் பெரும்பகுதி பதிவாகாமலே போகிறது. அதிலிருந்து ஒன்றை, அதாவது இத்தாலியில் பிறந்து உலகெங்கும் பரவிய கால்பந்து ஸ்டிக்கர் ஆல்பத்தை, இந்தக் கட்டுரை எடுத்துக்கொள்கிறது. வீரர்களின் படங்களை உறையிட்ட பாக்கெட்டுகளில் வாங்கி, எண் வரிசைப்படி ஒரு புத்தகத்தில் ஒட்டி நிரப்பும் இந்தப் பழக்கம் சிறுபிள்ளைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்கப்படுவதே வழக்கம். ஆனால் ஒருவர் தன் கைக்காசை மட்டும் நம்பி இந்த ஆல்பத்தை நிரப்புவது, கணக்கின்படியே, மிகப் பெரும் செலவுள்ள காரியம். அந்தக் கணக்குதான் முன்பின் அறியாதவர்களை ஒரே மேசைக்குக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறது.

படங்களைச் சேர்க்கும் பழக்கம், இந்த ஆல்பங்களை வெளியிடும் இத்தாலிய நிறுவனமான பானினிக்கு முன்பே இருந்தது. இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு நகரில் ஜான் பெய்ன்ஸ் என்ற வணிகர் 1880களிலேயே கேடய வடிவில் கால்பந்து, ரக்பி அட்டைகளை அச்சிட்டு விற்றார். அடுத்து வந்த சிகரெட் நிறுவனங்கள், பெட்டி நசுங்காமல் இருக்க உள்ளே செருகிய தடித்த அட்டையில் விளையாட்டு வீரர்களின் படங்களை அச்சிட்டன. தீப்பெட்டி அட்டைகளைத் தெருவில் பொறுக்கிச் சேர்த்த தமிழ்நாட்டுச் சிறுவர்களைப் போலவே, பிரிட்டிஷ் சிறுவர்களும் புகைபிடிக்கும் பெரியவர்களிடம் அந்த அட்டைகளைக் கேட்டு வாங்கினார்கள். இத்தாலியில் இந்த ஆசை ஒருமுறை எல்லை மீறியது. ‘மூன்று படைவீரர்கள்’ கதையைக் கேலியாக மாற்றிய ஒரு வானொலித் தொடர் 1930களில் பெரும் புகழ் பெற்றது. அதற்கு ஆதரவளித்த புய்தோனி, பெருஜினா என்ற உணவு நிறுவனங்கள் அதன் பாத்திரங்களைப் படங்களாக வெளியிட்டு, ஆல்பங்களை நிரப்புவோருக்குப் பரிசுகள் அறிவித்தன. 150 ஆல்பங்களை நிரப்பியவருக்கு ஃபியட் டோப்போலினோ கார் கிடைக்கும் என்பது உச்சப் பரிசு. ஆஞ்செலோ பியோலெத்தோ வரைந்த ‘கொடிய சலாதீன்’ என்ற படம் மட்டும் எளிதில் கைக்கு அகப்படவில்லை. அந்த ஒற்றைப் படத்துக்காக நாடே அலைந்தது. இறுதியில் 1937 இல் அரசு தலையிட்டு, இத்தகைய போட்டிகளில் எல்லாப் படங்களும் ஒரே அளவில் வெளியிடப்பட வேண்டும் என்று விதி செய்தது. வேண்டுமென்றே உண்டாக்கும் தட்டுப்பாடு, கணக்கின் போக்கில் தானே உண்டாகும் தட்டுப்பாடு என்ற இரண்டையும் பிரித்தறிய இந்த நிகழ்வு உதவும் என்பதால், அதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

வட இத்தாலியின் மோடெனா நகரில், கணவரை இழந்த ஓல்கா பானினி என்ற பெண் 1945 இல் ஒரு பத்திரிகைக் கடையை வாங்கினார். அவருடைய எட்டுப் பிள்ளைகளில் நால்வர் ஆண்கள்: ஜுசெப்பே, பெனிட்டோ, உம்பெர்த்தோ, ஃபிராங்கோ. கடையை நடத்திய குடும்பம் 1954 இல் பத்திரிகை விநியோகத் தொழிலிலும் இறங்கியது. 1960 இல் ஜுசெப்பேயும் பெனிட்டோவும் மிலானில் ஒரு நிறுவனம் விற்க முடியாமல் தேக்கிவைத்திருந்த படங்களை வாங்கி, இரண்டிரண்டாக உறையிலிட்டு, உறை 10 லிரா என்று விற்றார்கள். 30 லட்சம் உறைகள் விற்றுத் தீர்ந்தன. படங்கள் மாறவில்லை, விற்ற முறைதான் மாறியது. உள்ளே யார் இருக்கிறார் என்று தெரியாத மூடிய உறைதான் அந்த விற்பனையின் உயிர். மறு ஆண்டே சகோதரர்கள் தங்கள் சொந்தத் தொகுப்பை அச்சிட்டார்கள். 1961-62 பருவத்துக்கான ‘கால்சியாத்தோரி’ என்ற அந்த ஆல்பத்துக்காக முதலில் அச்சான படம், இன்டர் மிலான் அணித்தலைவர் புரூனோ போல்கியினுடையது. முதலாண்டில் ஒன்றரைக் கோடி உறைகளும், அடுத்த ஆண்டில் 2 கோடியே 90 லட்சம் உறைகளும் விற்றதாக நிறுவன வரலாறு கூறுகிறது.

இந்த வெற்றியைக் காலத்தோடு சேர்த்துப் பார்த்தால்தான் அதன் பொருள் விளங்கும். 1960 ஜனவரியில் இத்தாலிய வானொலி, பல மைதானங்களில் ஒரே நேரத்தில் நடக்கும் ஆட்டங்களை மாறி மாறி வர்ணிக்கும் நிகழ்ச்சியைத் தொடங்கியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் நாடு முழுவதும் அதற்குக் காது கொடுத்தது. தொலைக்காட்சியில் கழக ஆட்டங்களைப் பார்க்கும் வாய்ப்பு அரிது; தன் ஊருக்கு வராத அணியின் வீரர் எப்படி இருப்பார் என்பது பெரும்பாலான ரசிகர்களுக்குத் தெரியாது. பெயரும் குரலும் வானொலியில் கிடைத்தன. முகம் ஸ்டிக்கரில் கிடைத்தது. ஒரு சிறிய செவ்வகத்தில் மார்பளவுப் படம், சட்டையின் நிறம், பின்பக்கம் பிறந்த ஊர், பிறந்த நாள், ஆடிய கழகங்கள். தெற்குக் கோடியில் ஓர் ஊரில் இருக்கும் சிறுவன் டூரின் நகர வீரர் ஒருவரின் பிறந்த ஊரை ஒப்பிக்கக் கற்றுக்கொண்டது இப்படித்தான். எழுத்தையும் எண்ணையும் நாட்டின் வரைபடத்தையும் இந்த ஆல்பங்களிலிருந்தே கற்றதாகப் பல இத்தாலியர்கள் சொல்வதை மிகையென்று தள்ளிவிட முடியாது.

1965-66 ஆல்பத்திலிருந்து நிறுவனத்தின் அடையாளமாகிவிட்ட ஓவியமும் இந்தக் காலத்துக்குரியதே. 1950 ஜனவரி 15 அன்று ஃபுளோரன்ஸ் நகரில் ஃபியோரெந்தினாவுக்கு எதிரான ஆட்டத்தில், யுவென்டஸ் தடுப்பாட்டக்காரர் கார்லோ பரோலா தரைக்கு முதுகு காட்டி அந்தரத்தில் படுத்தபடி பந்தைத் தலைக்குமேல் உதைத்த கணத்தை கொர்ராதோ பாங்கி என்ற புகைப்படக்காரர் எடுத்தார். அந்தப் படத்தைப் பார்த்து வரைந்த ஓவியமே உறைகளின்மேல் கோடிக்கணக்கில் அச்சானது. அவர் ஆடியதைக் கண்ணால் பார்க்காத தலைமுறைகள் அவருடைய உடலின் வளைவை நெஞ்சில் பதித்துக்கொண்டிருக்கின்றன.

தொடக்கத்தில் படங்களைக் கலப்பது கையால் செய்யும் வேலையாக இருந்தது. வெனிசுவேலாவில் பணியாற்றிவிட்டுத் திரும்பிய உம்பெர்த்தோ, பொறியியல் கைவண்ணம் உள்ளவர். படங்களைக் கலந்து, எண்ணி, ஒரே உறைக்குள் ஒரே படம் இருமுறை வராதபடி அடைக்கும் ‘ஃபிஃபிமாத்திக்’ என்ற இயந்திரத்தை உருவாக்கினார். இந்த வேலை எவ்வளவு முக்கியமானது என்பது வெளிப்பார்வைக்குத் தெரியாது. கலவை சரியில்லையென்றால் ஒரு தெருவில் ஒரே முகம் குவியும், இன்னொரு முகம் தலைகாட்டாது. அப்படி நேர்ந்தால் ‘கொடிய சலாதீன்’ மீண்டும் பிறந்துவிடுவான். ஏறத்தாழ அப்படியொன்று நேரவும் செய்தது. 1963-64 பருவத்தில் அட்டலாண்டா அணியின் கோல்கீப்பர் பியர்லூயிஜி பிட்சபல்லாவின் படம் எங்கும் கிடைக்கவில்லை. படமெடுக்கும் நாளில் அவர் அணியோடு இல்லாததால் அவருடைய ஸ்டிக்கர் பிந்தியே அச்சானது. ஆனால் அதற்குள் அவர் பெயர் ‘கிடைக்காதது’ என்பதற்கே மறுபெயராகிவிட்டது. இத்தாலிய தேசிய அணிக்கே ஆடிய ஒருவர், தன் ஆட்டத்தைவிடத் தன் ஸ்டிக்கரின் இன்மையால் நினைவுகூரப்படுவது, மைதானத்துக்கு வெளியே உருவாகும் கால்பந்து நினைவு எவ்வளவு வலுவானது என்பதற்குச் சான்று.

1970 மெக்சிகோ உலகக் கோப்பைக்கு பானினி முதன்முறையாகப் பன்னாட்டு ஆல்பம் வெளியிட்டது. அதன்பின் ஒவ்வொரு உலகக் கோப்பைக்கும் ஆல்பம் வருகிறது. 1970களில் பசை தடவும் வேலை போய், பின்தாளை உரித்து ஒட்டும் ஸ்டிக்கர் வந்தது. இங்கிலாந்தின் லீக் அணிகளுக்கான ‘ஃபுட்பால் 78’ தொகுப்போடு பிரிட்டனின் பள்ளிக்கூட மைதானங்களும் இந்த வட்டத்துக்குள் வந்தன.

இனி கணக்குக்கு வரலாம். 2018 ரஷ்ய உலகக் கோப்பை ஆல்பத்தில் 682 இடங்கள் இருந்தன. ஒரு பாக்கெட்டில் ஐந்து ஸ்டிக்கர்கள். இரட்டிப்பே வராது என்று வைத்துக்கொண்டால் 137 பாக்கெட் போதும். நடைமுறையில் என்ன ஆகும் என்பதை நிகழ்தகவுக் கணிதத்தில் ‘கூப்பன் சேகரிப்போர் கணக்கு’ என்று வழங்கும் பழைய புதிர் சொல்லிவிடுகிறது. எல்லாப் படங்களும் சம வாய்ப்புடன் கலந்திருக்கும்போது, முழுத் தொகுதியும் கைக்கு வரச் சராசரியாக எத்தனை முறை எடுக்க வேண்டும் என்பதே அந்தப் புதிர். ஆல்பம் காலியாக இருக்கும்போது வருவதெல்லாம் புதிது. பாதி நிறைந்தபின் இரண்டில் ஒன்றுதான் புதிது. ஒரே ஓர் இடம் மட்டும் பாக்கி என்றால், எடுக்கும் ஒவ்வொரு ஸ்டிக்கரும் அதுவாக இருக்கும் வாய்ப்பு 682இல் ஒன்று. எனவே அந்தக் கடைசி முகத்துக்காக மட்டும் சராசரியாக 682 ஸ்டிக்கர்கள், அதாவது 136 பாக்கெட்டுகளுக்குமேல் பிரிக்க வேண்டும். இந்தப் படிகளையெல்லாம் கூட்டினால் மொத்தம் 4,800க்கும் அதிகமான ஸ்டிக்கர்கள், ஏறத்தாழ 967 பாக்கெட்டுகள். அப்போதைய பிரிட்டிஷ் விலையான 80 பென்ஸில் இது 770 பவுண்டுக்குமேல். இன்னும் வியப்பானது, இந்தச் செலவு ஆல்பம் முழுவதும் சமமாகப் பரவவில்லை என்பது: முதல் பாதியை நிரப்ப 95 பாக்கெட் அளவே ஆகிறது, கடைசி 19 இடங்கள் மட்டும் மொத்தச் செலவில் பாதியை விழுங்கிவிடுகின்றன.

இந்தக் கடைசிக் கட்டத்தில்தான் எல்லா நாட்டுச் சிறுவர்களும் ஒரே முடிவுக்கு வருகிறார்கள்: நிறுவனம் சில வீரர்களைக் குறைவாக அச்சிடுகிறது, இதில் ஏதோ ஏமாற்று இருக்கிறது. ஜெனீவா பல்கலைக்கழகக் கணிதவியலாளர்கள் சில்வேன் சார்டியும் இவான் வெலெனிக்கும் 2010 உலகக் கோப்பை ஆல்பத்தை முன்வைத்து இந்த ஐயத்தை ஆராய்ந்தார்கள். ஆயிரக்கணக்கான ஸ்டிக்கர்களை எண்ணிப் பார்த்தபோது, எந்தப் படமும் குறைத்து அச்சிடப்பட்டதற்கான அறிகுறி கிடைக்கவில்லை. தேடுகிறவருக்கு அரிதாகத் தோன்றும் முகம், பக்கத்துத் தெருவில் இருப்பவரின் கையில் மூன்றாகக் கிடக்கிறது. அவர் தேடுவது இவருடைய கையில் நான்காக இருக்கிறது. ஆகவே அரிது என்பது ஸ்டிக்கரின் இயல்பாக இல்லாமல், தனித்துச் சேர்ப்பவரின் நிலையாகவே இருக்கிறது. கார்டிஃப் பல்கலைக்கழகப் பேராசிரியர் பால் ஹார்ப்பர் 2018 ஆல்பத்துக்குப் போட்ட கணக்கின்படி, பத்து நண்பர்கள் சேர்ந்து இரட்டிப்புகளை மாற்றிக்கொண்டால், ஒருவருக்கு ஆகும் செலவு மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கிவிடும். நட்பின் பயனை இவ்வளவு துல்லியமாகப் பவுண்டிலும் பென்ஸிலும் கணக்கிட்டுக் காட்டக்கூடிய விளையாட்டுப் பழக்கம் வேறொன்று இருப்பதாகத் தெரியவில்லை.

மாற்றிக்கொள்ளும் காட்சி நாட்டுக்கு நாடு அதிகம் வேறுபடுவதில்லை. இடது கையில் இரட்டிப்புகளின் அடுக்கு; வலது கைப் பெருவிரல் மேலிருந்து ஒவ்வொன்றாகத் தள்ளுகிறது; எதிரே நிற்பவர் கண்ணை எடுக்காமல், முகம் மாறும் வேகத்திலேயே தீர்ப்புச் சொல்லிக்கொண்டு போகிறார். இத்தாலியில் ‘சேலோ, சேலோ, மாங்கா’, அதாவது இருக்கிறது, இருக்கிறது, இல்லை. பிரிட்டனில் ‘காட், காட், நீட்’. அந்த மூன்றாவது சொல் வந்ததும் பெருவிரல் நிற்கிறது, பேரம் தொடங்குகிறது. பெரியவர்கள் இன்னும் ஒழுங்காக வருகிறார்கள்: எண் வரிசைப்படி ரப்பர் வளையம் போட்ட கட்டுகள், கிடைத்தவற்றை அடித்துவிட்ட எண் பட்டியல், கூடவே ஒரு பேனா. பிரேசிலில் உலகக் கோப்பை ஆண்டுகளில் தெருமுனைப் பத்திரிகைக் கடைகளே இந்தச் சந்தைகளாகிவிடுகின்றன. வார இறுதிகளில் பேரனோடு வந்த தாத்தாவும் அலுவலக ஊழியரும் ஒரே மேசையில் எண்களை ஒப்பிடுகிறார்கள். வேறெந்தச் சூழலிலும் பத்து வயதுச் சிறுமி நாற்பது வயதுக்காரரோடு சமமாக நின்று பேரம் பேசி வெல்வதைப் பார்க்க முடியாது. ஆட்டத்தைப் பார்ப்பதில் இவ்வளவு சமத்துவம் கிடையாது; நல்ல இருக்கைக்குப் பணம் வேண்டும், உயரமும் வேண்டும்.

இந்தப் பேரத்தில் விலை எப்படி நிர்ணயமாகிறது என்பது பொருளியல் அறிந்தோரையும் யோசிக்க வைக்கும். எல்லா ஸ்டிக்கர்களும் ஒரே அளவில் அச்சாகின்றன என்பதே நிறுவனத்தின் நிலைப்பாடு. அப்படியானால் எல்லாவற்றுக்கும் ஒரே மதிப்பு இருக்க வேண்டும். ஆனால் மினுமினுக்கும் தாளில் வரும் அணிச் சின்னத்துக்கு இரண்டு சாதாரண ஸ்டிக்கர்கள் என்பது பள்ளிக்கூடச் சட்டம். மெஸ்ஸிக்கு ஒரு மாற்றுக் கோல்கீப்பரைக் கொடுத்துவிட்டுப் போய்விட முடியாது. இந்த விலையை உண்டாக்குவது அன்பும் வியப்பும்தான், அச்சகத்தின் எண்ணிக்கைக்கு அதில் பங்கில்லை. சந்தையின் பிற விதிகளை அறியாத பிள்ளைகள் இதைத் தங்களுக்குள் பேசி, நியாயமான விலை எது, அநியாயம் எது என்று வகுத்துக்கொள்கிறார்கள். மீறுபவரோடு அடுத்த நாள் யாரும் மாற்றுவதில்லை.

நிரம்பிய ஆல்பம் ஒரு வரலாற்று ஆவணமும் ஆகிறது. 1990 இத்தாலி உலகக் கோப்பை ஆல்பத்தில் சோவியத் ஒன்றியம், செக்கோஸ்லோவாக்கியா, யுகோஸ்லாவியா, மேற்கு ஜெர்மனி என்ற நான்கு அணிகள் இருந்தன. அடுத்த உலகக் கோப்பைக்குள் அந்த நான்கு பெயர்களும் களத்திலிருந்து மறைந்துவிட்டன. அரசியல் வரலாற்று நூல்கள் அத்தியாயங்களில் சொல்வதை அங்கே சில பக்கங்களின் சட்டை நிறங்கள் சொல்கின்றன. ஆல்பத்தின் தாரதம்மியங்களும் அதே அளவு சான்றாகும். பழைய ஆல்பங்கள் சிலவற்றில், வலுக்குறைந்தவையாகக் கருதப்பட்ட அணிகளின் வீரர்கள் இருவர் ஒரே ஸ்டிக்கரில் நெருக்கி அச்சிடப்பட்டார்கள். ஐரோப்பிய வீரருக்கு முழு ஸ்டிக்கர், ஆசிய, ஆப்பிரிக்க வீரருக்குப் பாதி. பெண்கள் உலகக் கோப்பை 1991 இல் தொடங்கியும், அதற்கான பானினி ஆல்பம் 2011 இல்தான் வந்தது. யாருக்கு முகம் உண்டு, யாருக்கு இல்லை என்ற முடிவு மோடெனாவின் ஓர் அலுவலகத்தில் எடுக்கப்பட்டு, உலகெங்கும் சிறுவர் சிறுமியரின் மனத்தில் இயற்கையான உண்மையாகப் பதிந்தது என்பதை எளிதாகக் கடந்துவிடக் கூடாது.

இந்த நினைவுகளுக்கு எவ்வளவு பிடிப்பு உண்டு என்பதை இத்தாலிய நாளிதழ் ‘லுனிதா’ 1990களில் கண்டுகொண்டது. வால்டர் வெல்த்ரோனி ஆசிரியராக இருந்தபோது, கம்யூனிஸ்ட் கட்சியின் ஏடாகப் பிறந்த அந்த இதழ், பழைய பானினி ஆல்பங்களின் மறுபதிப்புகளை நாளிதழோடு சேர்த்து விநியோகித்தது. அவை பரபரப்பாக விற்றன. ஜுசெப்பே பானினி தாம் வாழ்நாளெல்லாம் திரட்டிய பெரும் படத் தொகுப்பை 1992 இல் மோடெனா நகருக்குக் கொடையாக அளித்தார். அதைக் கொண்டு 2006 இல் அங்கே ஓர் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது.

இதை முழுக்க வணிகச் சூழ்ச்சி என்று சொல்பவர்களின் வாதத்தில் உண்மை இருக்கிறது. குழந்தையின் ஏக்கம் பெற்றோரின் பணப்பையைத் திறக்கும் என்பதை அறிந்தே மூடிய உறை விற்கப்படுகிறது; விலையும் தொகுப்புக்குத் தொகுப்பு ஏறுகிறது. 2022 இல் அர்ஜென்டினாவில் ஸ்டிக்கர்களுக்குக் கடும் தட்டுப்பாடு ஏற்பட்டு, சிறு கடைக்காரர்கள் தங்களுக்குச் சரக்கு வரவில்லை என்று போராடினார்கள். அந்த ஆண்டு அங்கே விலைவாசி ஏறத்தாழ 95 சதவீதம் உயர்ந்துகொண்டிருந்தது. அப்படிப்பட்ட நெருக்கடியிலும் செப்டம்பரில் அரசின் வணிகச் செயலகம் நிறுவனத்தையும் கடைக்காரர் சங்கத்தையும் அழைத்துப் பேச வேண்டியிருந்தது.

நிறுவனம் ஒரு வசதியையும் தருகிறது: பல நாடுகளில், இல்லாத ஸ்டிக்கர்களில் 50 வரை எண் குறிப்பிட்டுத் தபாலில் வாங்கிக்கொள்ளலாம். 682 இடங்களுள்ள ஆல்பத்தில் இது தேவையான பாக்கெட்டுகளைச் சுமார் 355 ஆகக் குறைத்துவிடுகிறது. யாரோடும் பேசாமல் நிரப்ப விரும்புவோருக்கு இதுவே சிக்கனமான வழி. ஆனால் தீவிரச் சேகரிப்பாளர்கள் பலர் இதை ஏற்பதில்லை. தேடி மாற்றிக்கொண்டதைத்தான் சேர்த்ததாகக் கருதுகிறார்கள். சுவிட்சர்லாந்தில் 2008 முதல் ஓவியர்கள் வரைந்த வீரர் படங்களோடு ‘சுட்டி ஹெஃப்ட்லி’ என்ற மாற்று ஆல்பம் வெளிவருகிறது. அதிலும் உறை மூடியதுதான், இரட்டிப்பு உண்டு, மாற்றவும் வேண்டும். அந்தப் பகுதியை அதை உருவாக்கியவர்கள் கைவிடவில்லை.

கவலை தருவது வேறொன்று. 2022 உலகக் கோப்பை ஆல்பத்தின் 670 ஸ்டிக்கர்களுக்கு அப்பால், 20 வீரர்களின் சிறப்பு ஸ்டிக்கர்கள் நான்கு வண்ணப் பதிப்புகளில் பாக்கெட்டுகளுக்கு இடையே மிக அரிதாகச் செருகப்பட்டன. தங்க நிறத்தில் வந்தவை இணையச் சந்தையில் பெரும் தொகைக்குப் போயின. இந்தத் தட்டுப்பாடு கணக்கின் போக்கில் வந்ததில்லை, திட்டமிட்டு வைக்கப்பட்டது. ‘கொடிய சலாதீன்’ வகையைச் சேர்ந்தது. ஆல்பத்தில் இவற்றை ஒட்ட இடமும் கிடையாது. பெருவிரலால் அடுக்கைத் தள்ளிக் காட்டும் மேசையில் இவை பெரும்பாலும் தென்படுவதில்லை. கண்ணாடித் தாள் உறைக்குள் தனியே வைக்கப்பட்டு, விலை ஏறும்வரை காத்திருக்கின்றன. பத்து வயதுச் சிறுமிக்கு அந்தப் பேரத்தில் இடமில்லை.